அக்கா தந்த துண்டுப் பிரசுரமும் ரோமின் டிசம்பரும்

டிசம்பர் 17

இன்று காலை ரோமன் ஃபோரத்தின் மேற்குக் கோடியில், காப்பித்தோலியோ குன்றின் அடிவாரத்தில் எஞ்சியிருக்கும் எட்டுத் தூண்களின் முன் நெடுநேரம் நின்றேன். சாத்துர்னுஸ் என்னும் பழைய ரோமானியத் தெய்வத்தின் கோயிலில் மிச்சம் இவ்வளவுதான். இந்த நாளில்தான் இங்கு வந்து நிற்க வேண்டும் என்று தேதி பார்த்துப் பயணச்சீட்டு எடுத்திருந்தேன். ஏனென்றால் டிசம்பர் 17தான் சாத்துர்னாலியா திருவிழா தொடங்கும் நாள்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நானும் அக்காவும் டிசம்பர் முதல் வாரத்திலேயே மாடியில் மூங்கில் நட்சத்திரம் கட்டி வளர்ந்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அக்கா வேறொரு சபையில் சேர்ந்தார். அதன் பிறகு அவர் வீட்டில் நட்சத்திரமும் இல்லை, குடிலும் இல்லை. சென்ற டிசம்பரில் என் கையில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து, "படித்துப் பார் தம்பி, இதெல்லாம் புறஜாதியாரின் பண்டிகை" என்றார். டிசம்பர் 25 சூரிய தேவனின் பிறந்தநாள், அது மித்ராவின் பிறந்தநாளும்கூட, பரிசு கொடுப்பது சாத்துர்னுஸின் வழக்கம், கிறிஸ்துமஸ் மரம் வைப்பதை வேதாகம இறைவாக்கினர் எரேமியா கண்டிக்கிறார், கல்லறைத் திருநாள் பேய்களுக்கானது என்று அதில் வரிசையாக எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபம் பதிலாகாது. அக்கா மனமறிந்து பொய் சொல்கிறவர் அல்லர். அவருக்குச் சொல்லப்பட்டதில் எது மெய், எது மெய்யல்ல என்பதை அந்தந்த இடத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன்.

சாத்துர்னுஸ் விதைப்புக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம். ரோமின் அரசுக் கருவூலம் இந்தக் கோயிலுக்குள்தான் இருந்தது. உள்ளே இருந்த சிலையின் கால்களைக் கம்பளிக் கயிற்றால் ஆண்டு முழுவதும் கட்டி வைத்திருந்து, திருவிழா நாளில் மட்டும் அவிழ்த்து விடுவார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மாக்ரோபியுஸ் எழுதியிருக்கிறார். தெய்வத்தின் கட்டு அவிழ்ந்ததும் ஊரின் கட்டும் அவிழ்ந்தது. நீதிமன்றங்களும் பள்ளிகளும் மூடப்பட்டன. விறைப்பான தோகா ஆடையைக் களைந்து விருந்துக்குரிய எளிய உடை உடுத்தினார்கள். மற்ற நாட்களில் குற்றமான சூதாட்டம் அந்நாட்களில் குற்றமில்லை. எஜமானர்கள் அடிமைகளோடு ஒரே பந்தியில் அமர்ந்தார்கள், சில வீடுகளில் அவர்களுக்குப் பரிமாறவும் செய்தார்கள். ஒரு நாளாகத் தொடங்கிய விழா டிசம்பர் 23 வரை நீண்டது. மெழுகுதிரிகளையும் சிறு களிமண் பொம்மைகளையும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

ஆக, டிசம்பர் மாதம், விருந்து, விளக்கு, பரிசு, விடுமுறை ஆகிய எல்லாமே இந்நகரத்தில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்பே இருந்தன. இதை மறுப்பதில் பயனில்லை. ஆயினும் ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பேரரசு முழுவதும் கிறிஸ்தவமாகிவிட்ட பிறகு, 448ஆம் ஆண்டை ஒட்டி பொலேமியுஸ் சில்வியுஸ் தொகுத்த நாட்காட்டியில் டிசம்பர் 17க்கு நேரே சாத்துர்னுஸின் பெயர் இல்லை. "அடிமைகளின் விடுமுறை" என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. தெய்வம் போய்விட்டது, விடுப்பு நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை கிடைத்த அந்த ஓய்வைத் தெய்வத்தின் பெயரைச் சொல்லி விட்டுக்கொடுக்க எந்த அடிமைதான் சம்மதித்திருப்பான்?

மாலையில் தங்குமிடம் திரும்பும் வழியில் ஒரு புத்தகக் கடையின் கண்ணாடியில் "ஸ்த்ரென்னே" என்ற சொல்லைக் கண்டேன். கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் பரிசுக்கு இத்தாலியர் இன்றும் வழங்கும் சொல் அது. ஸ்த்ரேனியா என்னும் ரோமானியத் தேவதையின் சோலையிலிருந்து புத்தாண்டில் பசுங்கிளைகளைக் கொண்டுவரும் வழக்கத்தோடு பழைய ஆசிரியர்கள் அந்தச் சொல்லை இணைத்திருக்கிறார்கள். அவளுடைய சிறு கோயில், இன்று கொலோசியம் நிற்கும் பக்கத்தில், புனிதப் பாதையின் தலைப்பில் இருந்தது. அந்தக் கடையில் பரிசு வாங்கிய தாய்மாரில் ஒருவராவது அவளை நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

டிசம்பர் 18

கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமென்தே ஆலயம் இருக்கிறது. அயர்லாந்து தொமினிக்கன் துறவிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பராமரித்துவரும் இந்த ஆலயத்தின் அடியில் இன்னோர் ஆலயம் புதைந்திருப்பதை, 1857இல் அவர்களில் ஒருவரான ஜோசப் முல்லூலி தோண்டத் தொடங்கிய பிறகுதான் உலகம் அறிந்தது. மேலே இருப்பது 12ஆம் நூற்றாண்டுக் கோயில். படியிறங்கினால் 4ஆம் நூற்றாண்டுக் கோயில். அதற்கும் கீழே இறங்கினால் முதலாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். அவற்றுள் ஒன்றின் நடுவே, பிரசுரம் மித்ரா என்று சொல்லும் மித்ராஸ் தெய்வத்தின் வழிபாட்டினர் அமைத்த அறை.

கீழே இறங்க இறங்கக் காற்றில் ஈரம் கூடியது. எங்கோ சுவருக்குப் பின்னால் நீரோடும் ஓசை இடைவிடாமல் கேட்டது. மித்ராஸ் அறை சிறியது. குகையைப் போல வளைந்த கூரை, இருபுறமும் சாய்ந்தமர்ந்து உணவருந்தக் கல் திண்ணைகள், நடுவில் பலிபீடம். பீடத்தின் முகப்பில் மித்ராஸ் காளையைக் கொல்லும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஆண்கள் மட்டும் சேரக்கூடிய வழிபாடு அது. ஏழு படிநிலைகள் கொண்டது. தங்கள் நம்பிக்கையை விளக்கும் நூல் எதையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை.

துண்டுப் பிரசுரத்தின் மிக உறுதியான வாக்கியம் இங்கேதான் உடைகிறது. மித்ராஸ் டிசம்பர் 25இல் பிறந்தார் என்று சொல்லும் பண்டைய நூலோ கல்வெட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் கன்னியிடம் பிறந்தார் என்பதற்கும் அங்கே ஆதாரமில்லை. அவர்களுடைய சிற்பங்கள் அவரைப் பாறையிலிருந்து வெளிப்படுகிறவராகவே காட்டுகின்றன. மித்ராஸைச் சூரியனோடு சேர்த்து "வெல்லப்படாதவர்" என்று அழைத்த கல்வெட்டுகள் உண்டு என்பதால், சூரியனுக்குச் சொல்லப்பட்ட தேதியைப் பிற்காலத்தவர் இவருக்கும் ஏற்றிவிட்டார்கள்.

ஆனாலும் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "இதற்கும் நமக்கும் தொடர்பே இல்லை" என்று மேலேறிவிடவும் என்னால் முடியவில்லை. 4ஆம் நூற்றாண்டுக் கோயிலின் பீடப்பகுதி சரியாக இந்த அறைக்கு மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் ஒரே தெருவில் இரண்டு வழிபாடுகளோடு வாழ்ந்தார்கள். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நின்றது. அந்த ஏற்றம் எப்போதும் மென்மையாக நடந்ததென்று சொல்ல மாட்டேன். தோற்றவர்கள் பக்கத்துக் கதையை எழுதி வைக்க யாரும் இருக்கவில்லை.

டிசம்பர் 19

செலியோ குன்றின் சரிவில் உள்ள சான் கிரெகோரியோ ஆலயத்தில் இன்று சுற்றுலாப் பயணிகள் எவரும் இல்லை. திருத்தந்தையான முதலாம் கிரகோரியார் தம் குடும்ப வீட்டை மடமாக மாற்றிய இடம் இது. இங்கிருந்துதான் 596இல் அகுஸ்தீன் என்ற துறவியையும் அவருடைய தோழர்களையும் ஆங்கிலேயர்களிடம் அனுப்பினார்.

நான் தேடிவந்த கேள்விக்கு மிக நேரான சான்று, கிரகோரியார் 601இல் எழுதிய இரண்டு கடிதங்கள். முதல் கடிதத்தில் கெண்ட் நாட்டு மன்னனிடம், சிலை வழிபாட்டை ஒழிக்கவும் கோயில்களை இடிக்கவும் சொல்கிறார். சில வாரங்களுக்குள், அகுஸ்தீனிடம் சென்றுகொண்டிருந்த மெல்லித்துஸ் என்பவருக்கு மற்றொன்று எழுதுகிறார். நெடுநேரம் சிந்தித்தபின் இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்லி, கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளே உள்ள சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள் என்கிறார். அம்மக்கள் தெய்வங்களுக்கு மாடு பலியிட்டுப் பழகியவர்கள். ஆகவே விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் திருநாளில் கோயிலைச் சுற்றி மரக்கிளைகளாலும் தழைகளாலும் பந்தலிட்டு, மாட்டை அறுத்து உண்டு, கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்கிறார். முரட்டு மனங்களிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டியெறிய முடியாது, உயரம் ஏற நினைப்பவன் படிப்படியாகத்தான் ஏறுவான், தாவிச் செல்வதில்லை என்பது அவர் கூறிய காரணம். இந்தக் கடிதத்தை ஆங்கிலேயத் துறவி பேதா தம் வரலாற்று நூலில் முழுமையாகச் சேர்த்திருக்கிறார்.

ஆக, "திருச்சபை பழைய விழாக்களைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது" என்று அக்கா சொல்வாரானால், ஆம், ஏற்றுக்கொண்டது என்றுதான் நான் சொல்ல வேண்டும். அவர் எழுதிய கடிதமே இருக்கிறது. அதை ஏமாற்று என்று அவர் சொல்வார். எனக்கோ அது, பந்தலும் விருந்தும் இல்லாமல் மனிதர் வாழமாட்டார்கள் என்று அறிந்த ஒருவரின் இரக்கமாகத் தெரிகிறது.

இங்கே தமிழ்நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இத்தாலியில் 1577இல் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று பெயர்பெற்ற ராபர்ட் தெ நொபிலி மீதும் இதே குற்றச்சாட்டுத்தான் எழுந்தது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமயச் சடங்குகளா அல்லது நாட்டு வழக்கங்களா என்ற வழக்கு ரோம் வரை வந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கையின் பொருளை நீக்கிவிட்டு அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அந்த அனுமதியின் வழியாகக் கோயிலுக்குள் சாதியும் வந்து உட்கார்ந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களைக் கண்ணால் கண்டவர்கள் நாம். பழையதை ஏற்பதில் எதை ஏற்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. பந்தலையும் பொங்கலையும் ஏற்றது என்னை உறுத்துவதே இல்லை.

டிசம்பர் 20

புனித பேதுரு பேராலயத்தின் அடியிலுள்ள பழைய இடுகாட்டைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும். சிறு குழுவாகவே அழைத்துச் செல்கிறார்கள். 1940களில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட இந்த இடத்தில், ரோமானியர்களின் கல்லறை வீடுகள் ஒரு தெருவைப் போலவே வரிசையாக நிற்கின்றன. ஜூலியுஸ் குடும்பத்தார் கல்லறை எனப்படும் மிகச் சிறிய அறையின் முன் வழிகாட்டி நின்றபோது, இதற்காகத்தான் வந்தேன் என்று மனம் சொல்லியது.

அந்த அறையின் கூரையில், பொன்னிறப் பின்னணியில், பச்சைத் திராட்சைக் கொடிகள் சுற்றிலும் படர, வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஓர் உருவம் எழுந்து வருகிறது. தலையைச் சுற்றிக் கதிர்கள் பாய்கின்றன. இடக்கையில் உலக உருண்டை. உருவம் சூரியனுடையது, ஆனால் சுவர்களில் இருப்பவை யோனாவும் மீன்பிடிப்பவனும் நல்லாயனும். அதனால் இதைக் கிறிஸ்து என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஐயப்படும் அறிஞர்களும் உண்டு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ யாரோ ஒரு கைவினைஞர், தனக்குத் தெரிந்த மிக ஒளிமிக்க உருவத்தைத் தன் ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டார். மலாக்கி இறைவாக்கினர் சொன்ன "நீதியின் கதிரவன்" என்ற சொல் அவருக்குத் துணை நின்றிருக்கலாம். அக்காவின் வேதாகமத்தில் அது "நீதியின் சூரியன்" என்று இருக்கிறது.

தேதியின் வழக்கை இங்கேயே எழுதிவிடுகிறேன். பேரரசர் ஔரேலியன் 274இல் வெல்லப்படாத சூரியனுக்கு இந்நகரில் பெரிய கோயில் கட்டினார் என்பது உறுதி. அதன் குடமுழுக்கு டிசம்பர் 25இல் நடந்தது என்று பலரும் எழுதினாலும், அதைச் சொல்லும் நேரடிச் சான்று இல்லை. டிசம்பர் 25ஐச் சூரியனோடு சேர்க்கும் நாட்காட்டிச் சான்று, 354ஆம் ஆண்டுக்காக ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் அழகுற எழுதித்தந்த ஏட்டில் இருக்கிறது: "வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்." வியப்பு என்னவென்றால், அதே ஏட்டில், 336 அளவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் மறைசாட்சிகள் பட்டியலின் தலைப்பில், அதே நாளுக்கு "கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார்" என்றும் இருக்கிறது. மூல ஏடு அழிந்துவிட்டது. அதன் மிகச் சிறந்த படியொன்று நான் நின்ற இடத்துக்கு அருகே வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஒரே ஏட்டில் இரு விழாக்களும் இருக்கும்போது, எது எதனிடமிருந்து எடுத்தது என்பதை ஏட்டைக் கொண்டு மட்டும் தீர்க்க இயலாது.

மற்றொரு வழியும் உண்டு. இயேசு இறந்த நாள் மார்ச் 25 என்று 200ஆம் ஆண்டை ஒட்டியே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். இயேசு கருவான நாளும் அதுவே என்ற நம்பிக்கை வளர்ந்தது. ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் (ஆங்கிலேயரிடம் போன துறவி வேறு) அதைத் தெளிவாகவே சொல்கிறார். மார்ச் 25உடன் ஒன்பது மாதங்களைக் கூட்டினால் டிசம்பர் 25. கிழக்கே ஏப்ரல் 6 என்று கணக்கிட்டவர்களுக்கு ஜனவரி 6 கிடைத்தது. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்நாளில்தான் பிறப்பு விழாவைக் கொண்டாடுகிறது. சூரிய விழாவிலிருந்து மட்டும் தேதி வந்திருந்தால் இந்த ஜனவரி 6ஐ எப்படி விளக்குவது? கணக்கும் கதிரவனும் சேர்ந்தே இந்த நாளை நிலைநிறுத்தின என்பது என் முடிவு. ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுடைய நாளும் டிசம்பர் 25ஆகவே குறிக்கப்பட்டிருந்தது. ஒளி வளரத் தொடங்கும் நாள் என்பதில் இரு சாராருமே பொருள் கண்டார்கள்.

வெளியே சதுக்கத்தில் பெரிய மரம் நிற்கிறது. இங்கே மரம் வைப்பது இரண்டாம் யோவான் பவுல் காலத்தில், 1982இல் தொடங்கியது. வீட்டுக்குள் மரம் அலங்கரிக்கும் வழக்கத்துக்கு ஸ்திராஸ்பூர்கில் 1605ஆம் ஆண்டின் குறிப்பு உண்டு. ரோமானியக் காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். எரேமியா பத்தாம் அதிகாரம் கண்டிப்பது, காட்டு மரத்தை வெட்டித் தச்சன் செதுக்கி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியடித்து வைக்கும் சிலையை. அதிகாரம் முழுவதையும் படித்தால் யாருக்கும் விளங்கும்.

டிசம்பர் 21

பந்தேயோன் என்னும் பழைய ரோமானியக் கோயில். மழை, கூரையின் நடுவட்டத் திறப்பின் வழியே தண்ணீர் நேராகத் தரையில் விழுந்தது. பேரரசர் ஃபோக்காஸ் கொடுத்த இந்தக் கோயிலைத் திருத்தந்தை நான்காம் போனிஃபாசியுஸ் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு மே 13 அன்று, மரியாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தார். பழைய ரோமில் மே 9, 11, 13 இரவுகளில் லெமூரியா என்னும் சடங்கு நடக்கும். வீட்டுத் தலைவர் நள்ளிரவில் வெறுங்காலோடு எழுந்து, கருப்பு அவரைகளைப் பின்னால் எறிந்து, திரும்பிப் பாராமல், அலையும் ஆவிகளை வெளியேறச் சொல்வார். தேதிகள் ஒத்திருப்பதால் சிலர் இரண்டையும் இணைக்கிறார்கள். இணைக்கும் ஆவணம் கிடையாது.

சகல புனிதர் திருநாள் நவம்பர் 1க்கு வந்தது, அயர்லாந்தின் பழைய குடிகளான கெல்ட் மக்களின் சாவின் விழாவைப் பிடிப்பதற்காகத்தான் என்றும் பிரசுரம் சொல்கிறது. பழைய அயர்லாந்து நாட்காட்டியோ அந்தத் திருநாளை ஏப்ரல் 20இல் வைத்திருந்தது. கெல்ட் விழாவை விழுங்கவேண்டுமென்று எண்ணியவர்கள் கெல்ட் நாட்டிலேயே அதைச் செய்யவில்லை என்றால், இந்தக் கதை நிற்காது. எங்கள் ஊரில் நவம்பர் 2 அன்று கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுசெல்கிறவர்கள் பேய்க்குப் படையல் வைப்பதில்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். அக்காவும் சென்ற ஆண்டு வரை வந்தார்.

டிசம்பர் 22

ரியேத்தி வரை பேருந்து. அங்கிருந்து வாடகைக் காரில் கிரேச்சோ. செங்குத்தான பாறையோடு ஒட்டிக் கட்டிய சிறு மடம், அதன் நடுவே ஒரு குகை. 1223இல் அசிசி பிரான்சிஸ் இங்கேதான் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் திருப்பலி நடத்தச் செய்தார். திருத்தொண்டராக அவரே நற்செய்தியைப் பாடினார். மரியா, யோசேப்பு வேடமோ பொம்மைகளோ அன்று இல்லை. ஏழைக் குழந்தை எப்படிக் குளிரில் கிடந்தது என்று கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் ஆசை. மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. "காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும்" என்ற கருத்துடைய எசாயாவின் வரியிலிருந்து வந்தவை.

சாத்துர்னாலியாவின் களிமண் பொம்மைகள்தாம் குடில் பொம்மைகளாயின என்று எளிதாக எழுதிவிடலாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இடையில் ஆயிரம் ஆண்டு வெற்றிடம் இருக்கிறது. ஒத்த தோற்றம் மட்டும் உறவாகாது. குடில் இந்தக் குகையில் பிறந்தது என்றே எழுதுகிறேன். வைக்கோல் வாசமே இல்லாத அந்தக் குளிர்ந்த கல்லின் முன் முழங்காலிட்டபோது, அக்காவும் நானும் சிறுவயதில் நெல்லை முளைக்கவைத்துக் குடிலுக்குப் புல்தரை செய்தது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 24

சாந்தா மரியா மஜ்ஜோரே. ஆகஸ்டு 5 அன்று பனி பெய்து இடம் காட்டிய மரபுக்கதையால், எங்கள் பனிமய மாதாவின் பெயருக்கே மூலமான ஆலயம். பீடத்துக்குக் கீழே, பெத்லகேம் தொட்டியின் துண்டுகள் என்று வணங்கப்படும் மரக்கட்டைகள் வெள்ளிப் பேழையில் இருக்கின்றன. ஊர்க்காரனாக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்; இன்று வேறெதையும் ஆராயவில்லை.

டிசம்பர் 25

விடியும் முன்பே புனித பேதுரு சதுக்கத்துக்கு வந்துவிட்டேன். பேராலயத்தின் வாயில் கிழக்கு நோக்கியது. உள்ளே நுழைகிறவர் கதிரவனுக்கு முதுகைக் காட்டியே செல்ல வேண்டும். 5ஆம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை லியோ, பிறப்பு விழா மறையுரை ஒன்றில் மனம் வருந்திப் பேசியிருக்கிறார்: கிறிஸ்தவர்களே சிலர், இந்தப் பேராலயத்தின் படிகளில் ஏறியதும், உள்ளே செல்லும் முன் திரும்பி, எழும் சூரியனுக்குத் தலை வணங்குகிறார்களாம். அதைப் பக்தி என்றே நினைக்கிறார்களாம். அவர்களை அவர் கண்டித்தார். அவர்களோ பக்தியோடுதான் வணங்கினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஏழரை மணிக்குச் சற்றுப் பின், தென்கிழக்கே கட்டடங்களுக்கு மேல் வெளிச்சம் வந்தது. அக்காவைக் கைபேசியில் அழைத்தேன். அங்கே நண்பகல் கடந்திருந்தது. எட்டு நாட்களாகப் பார்த்தவற்றைச் சொன்னேன். மித்ராவைப் பற்றிச் சொன்னபோது மறுத்தார். கிரகோரியார் கடிதத்தைச் சொன்னபோது, "பார்த்தாயா" என்றார். நான் மறுக்கவில்லை. கடைசியாக லியோவின் படிகளைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"பாட்டி செய்வாள், நினைவிருக்கிறதா தம்பி? கடல் பக்கத்துக் கதவைத் திறந்ததும், சூரியனைப் பார்த்துச் சிலுவை போடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை."

நினைவிருக்கிறது என்றேன். அதன் பிறகு பாட்டி காலையில் போடும் கடுங்காப்பியைப் பற்றியும், அவள் கட்டிய வெள்ளைச் சேலையைப் பற்றியும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.